கத்தி ஏறாத பெருநாள்

கோரைப்பட்டினத்தில் கத்தி ஏறாமல் போன அந்த ஹஜ்ஜுப் பெருநாளன்று, தொழுகை முடிந்து, ஒருவரையொருவர் கட்டித் தழுவி முடிந்து, இடியப்பமும் வட்டலப்பமும் வயிற்றுக்குள் போய் முடிந்து, பள்ளிவாசல் தெருவில் வேப்பமரத்துக்கு வேப்பமரம் கட்டியிருந்த ஆடுகள் தழையைத் தின்றபடி தங்கள் முறைக்குக் காத்திருந்த வேளையில், இலோனா ஆண்பிள்ளைகளின் கூட்டத்துக்கு நட்டநடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தாள். கையில் நன்னாரி சர்பத், மடியில் நோட்டுப்புத்தகம், தலையில் இரவல் முக்காடு. அவள் ஹங்கேரி தேசத்துக்காரி. பழைய மரக்கலங்களுக்கு இந்த ஊரார் வைத்த பெயர்களை எழுதிக்கொண்டு போக வந்து, ஐந்து மாதமாக, தொதல் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பைக் கிண்டி விற்கும் முத்து ஜொஹராவின் மாடியறையில் குடியிருந்தாள். தமிழைத் தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் புத்தகம் வைத்துப் படித்தவள் என்பதால் மீன்காரியிடம்கூட ‘அம்மையீர், இந்த நெத்திலியின் விலை யாது’ என்றுதான் கேட்பாள். ஊரும் சிரித்துச் சிரித்தே அவளைத் தன் விருந்தாளியாக்கிக்கொண்டது.

விருந்தாளி என்பதால்தான் அந்த நாற்காலி. கோரைப்பட்டினத்தில் ஆடு அறுக்கும் இடத்தில் பெண்கள் நிற்பதில்லை. மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை, பழக்கம் சொல்லிற்று, அந்த ஊரில் பழக்கத்துக்குத் தொண்டை பெரிது. ஆட்டுக்குட்டியை வாங்கி வருவதும், முருங்கைக்கும் அகத்திக்கும் அலைந்து தழை ஒடித்துப் போடுவதும், மழைக்கு அடுப்படியில் கட்டி அதன் புழுக்கையை அள்ளுவதும் பெண்கள். பெருநாளன்று, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரைக் கூப்பிட்டு, வீட்டு ஆண்பிள்ளையின் பெயரைச் சொல்லி அறுக்க வைப்பது ஆண்கள். அன்றைக்கும் முத்து ஜொஹரா தன் வீட்டு ஜன்னல் பலகையை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேதான் நின்றாள். நான் வளத்த ஆட்டை நான் பாக்கக்கூடாது, நீ போய்ப் பாரு புள்ள, பாத்துட்டு வந்து சொல்லு என்று இலோனாவைக் காலையில் அனுப்பி வைத்ததும் அவள்தான். அதில் குத்தல் எதுவும் இல்லை, அதனாலேயே இலோனாவுக்கு அந்த சர்பத் இறங்கவில்லை.

ஜொஹராவுக்கு அது சாதாரணப் பெருநாள் இல்லை. புருஷன் இருந்தவரை புருஷன் பேரில், அவர் போனபின் மூத்தவன் பேரில், அவன் புரூணைக்குப் போனபின் இளையவன் பேரில் என்று இருபத்தாறு வருஷம் அந்த வீட்டில் குர்பானி கொடுத்தாகிவிட்டது. இந்த வருஷம்தான், தொதல் கிண்டிய கையால் தானே வாங்கித் தானே இரண்டு வருஷம் வளர்த்த செவலைக் கிடாயை, முதல் முறையாக முத்து ஜொஹரா என்கிற தன் பேரிலேயே கொடுப்பதாக அவள் மனதுக்குள் நிய்யத்து வைத்திருந்தாள். பெருநாளும் அதற்கடுத்த மூன்று நாட்களும்தான் குர்பானிக்குக் கெடு. நான்காம் நாள் சூரியன் விழுந்தபிறகு அறுத்தால் அது வெறும் கறி.

வழக்கம்போல ஜமாஅத் தலைவர் ஷேகனா மரைக்காயரின் ஆடுதான் முதலில் வந்தது. பக்கீர் மோதினார் அதை மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, அல்லாஹ்வின் பேரால் என்று பிஸ்மி சொல்லிக் கத்தியை இழுத்தார். கத்தி போனது, வந்தது, மறுபடி போனது. கழுத்து ரோமம் விலகியது, சேர்ந்துகொண்டது. ஆடு அசைபோட்டது. மோதினார் கத்தியைத் திருப்பிப் பார்த்து, தன் கட்டைவிரலில் லேசாக வைத்துப் பார்க்க, விரலில் ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது. வேறு கத்தி கொண்டுவந்தார்கள், வேறு ஆடு கொண்டுவந்தார்கள், கொழும்பிலிருந்து வந்த கத்தி, இரண்டு தலைமுறையாகப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்த கத்தி, கறிக்கடைக் கத்தி எல்லாம் வந்தன. மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்வரை நாற்பத்தொரு ஆட்டின் கழுத்தில் கத்தி போய் வந்தது, நாற்பத்தொரு ஆடும் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு மரத்தடிக்குப் போய் நின்றன. ஜொஹராவின் செவலைக் கிடாய் முப்பத்தேழாவது.

யாரும் கூச்சல் போடவில்லை. கோழிக்கடைக்கு ஆள் ஓடியது, அங்கே கோழி தீர்ந்ததும் முட்டைக்கு ஓடியது, அன்று மத்தியானம் அந்த ஊரில் கோழி கிடைக்காத அத்தனை சட்டியிலும் முட்டைப் பிரியாணி. சம்பந்தி வீடுகளுக்குத் தொடைக்கறி அனுப்பும் வழக்கம் தள்ளிப்போனதால் மூன்று வீடுகளில் முகம் கோணியது. சாணை பிடிப்பவன் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளோடு வந்து தெருமுனையில் உட்கார்ந்தான். அவன் சாணை பிடித்த கத்திகள் அரிவாளையே வெட்டின, ஆட்டை வெட்டவில்லை. துபாய்க்கும் கொழும்புக்கும் போன் போட்டு உங்க ஊர்ல கத்தி ஏறுதா என்று கேட்டார்கள், அங்கெல்லாம் ஏறுகிறதாம். நம்ம ஊர்லதான் ஏறல என்று இவர்கள் சொன்னார்கள், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்கள். பெருநாளோடு தீனிக்கு முழுக்குப் போடலாம் என்றிருந்த பெண்கள் மறுபடி தொரட்டிக் கம்பை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனார்கள், அவர்கள்தானே போகவேண்டும்.

மாலையில், தொழுகை நடத்தும் ஹஜரத் பள்ளிவாசலில் பேசினார். வயதில் சின்னவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கெட்ட பழக்கம் உள்ளவர். “நபி தன் பிள்ளையை அறுக்கப் போன முதல் குர்பானியிலேயே கத்தி மறுத்தது நமக்கெல்லாம் தெரியும். அப்ப பிள்ளைக்குப் பதிலா ஆடு வந்தது. இப்ப ஆட்டுக்குப் பதிலா நம்மகிட்ட என்ன கேக்கப்படுதுன்னு எனக்கு விளங்கல” என்றார். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. விளங்கும்படியாக ஒரு காரணம் வேண்டியிருந்தது, காரணம் பிளாஸ்டிக் நாற்காலியில் சர்பத்தும் கையுமாக உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்திருந்தது.

இரண்டாம் நாள் காலை ஷேகனா மரைக்காயர் ஜொஹராவின் வாசலுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. ஊரில் யார் மௌத்தானாலும் அந்த இழவு வீட்டுக்கு முதல் ஆளாய் வந்து நின்று கடைசி ஆளாய்ப் போகிறவர். ஊர் தன் தோளில் நிற்கிறது, தோளை இறக்கினால் விழுந்துவிடும் என்கிற நினைப்பு மட்டும் உண்டு.

“ஜொஹரா, அந்த வெள்ளைக்காரப் புள்ளைய நாலு நாளைக்கு ராமநாதபுரத்துல லாட்ஜ்ல தங்கச் சொல்லு. பாக்கக்கூடாத கண்ணு பட்டதாலதான் கத்தி கட்டிப்போச்சுன்னு சனங்க சொல்றாஹ.”

“நாற்காலி போட்டது யாரு காக்கா?”

“நான்தான் போட்டேன். மரியாதைக்குப் போட்டேன். இப்ப எடுக்கச் சொல்றேன்.”

“நாற்காலிய எடுத்துட்டுப் போங்க. அவ இங்கதான் இருப்பா.”

மாடியில் நின்று கேட்ட இலோனா பையைக் கட்டிக்கொண்டு கீழே வந்தாள். “லாத்தா, என்னால் தங்களுக்கு இடையூறு வேண்டாம்” என்றாள். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் அழைப்பார்கள், அவள் பேச்சுத்தமிழில் சரியாகச் சொல்லும் ஒரே வார்த்தை அந்த லாத்தாதான். ஜொஹரா பையை வாங்கித் தரையில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். அன்று சாயங்காலத் தொழுகையான அஸர்வரை எழுந்திருக்கவில்லை. இலோனாவுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. ஐந்து மாதமாக அந்த ஊரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஊர்மேல் வந்த முதல் கோபம் அது.

மூன்றாம் நாள் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் ஆலோசனைக்குக் கூடியிருந்தபோது, கடைசித் தெரு ஆயிஷா கனியின் ஆடு கயிற்றில் கழுத்து சிக்கிக்கொண்டு துடித்தது. கயிற்றை அறுத்துவிட்டாள், ஆனாலும் அதற்குக் கண் செருகிக்கொண்டு போனது. தானாகச் செத்தால் அது செத்த பிராணி, ஒரு துண்டுகூட யாருக்கும் ஆகாது. கூப்பிட மோதினார் இல்லை, எட்டிய தூரத்தில் ஒரு ஆண்பிள்ளை இல்லை. ஆயிஷா கனி மீன் நறுக்கும் கத்தியை எடுத்தாள், கிப்லா பக்கம் திருப்பினாள், பிஸ்மி சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். கத்தி ஏறியது. வாசலெல்லாம் ரத்தம். அவள் அப்படியே உட்கார்ந்து, நான் ஒண்ணும் செய்யல, அதுவாத்தான் ஏறிச்சு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சேதி பள்ளிவாசலுக்குள் போய் வெளியே வருவதற்குள் டீக்கடை அப்பாஸ் நழுவிப்போய், தன் ஆட்டைத் தானே அறுத்துவிட்டான். பெண்சாதி இறந்தபின் ஊரில் ஆட்டுக்குத் தழை போட்ட ஒரே ஆண்பிள்ளை அவன். அதோடு ஊருக்கு விஷயம் புரிந்துபோயிற்று. தீனி போட்ட கைக்குத்தான் கத்தி கட்டுப்படுகிறது, காசு போட்ட கைக்கு இல்லை. ஏன் என்று யாரும் நின்று யோசிக்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. எந்த ஆட்டுக்கு யார் தழை போட்டது என்று வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து நடந்தது. மாமியார் நான்தான் என்றாள், மருமகள் நான்தான் என்றாள், கத்தியைக் கையில் கொடுத்ததும் இருவருமே பின்வாங்கினார்கள். மாடிவீட்டு ஹாஜியார் தன் மூன்று ஆட்டுக்கும் தீனி போட்டது யார் என்று தெரியாமல் விழித்து, பெருநாள் லீவில் அனுப்பியிருந்த வேலைக்காரியைக் கூட்டிவரக் காரை அனுப்பினார். முன் சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினாள் அவள்.

இரவோடு இரவாக ஜமாஅத் ஒரு தீர்மானம் போட்டது. பெண்கள் அறுக்கலாம், ஆனால் வீட்டுக்குள், திரை கட்டி, யார் கண்ணிலும் படாமல். அறுத்ததாக வெளியே சொல்லக்கூடாது, மோதினார் அறுத்ததாகவே சொல்லவேண்டும். பாதி ஊர் அதற்கும் தலையாட்டியது. நான்காம் நாள் காலையிலிருந்து பூட்டிய கதவுகளுக்குள்ளிருந்து பிஸ்மி சத்தம் கேட்டது, மோதினார் வெளித்திண்டில் சும்மா உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு டீ குடித்தார்.

ஜொஹரா மட்டும் அஸர் தொழுதுவிட்டுத் தன் செவலைக் கிடாயை நடுத்தெருவில் கொண்டுவந்து நிறுத்தினாள். இலோனா அவள் பின்னால் நோட்டோடு வந்து நின்றாள். கூட்டம் சேர்ந்தது. மரைக்காயரும் வந்தார், ஹஜரத்தும் வந்தார்.

“தீர்மானம் உனக்கு வந்து சேரலையா?” என்றார் மரைக்காயர்.

“வந்துச்சு. என் வீட்ல திரை கட்ட இடமில்ல காக்கா. இடமிருந்தாலும் கட்டமாட்டேன். களவாண்டு வந்த ஆடா இது, ஒளிச்சு வச்சு அறுக்க?”

மோதினார் தன் சொந்தக் கத்தியை அவளிடம் நீட்டினார். ஜொஹரா கிடாயைப் படுக்க வைத்தாள். பத்துப்படித் தொதலை ஒற்றை ஆளாய்க் கிண்டுகிற கை அது. இது முத்து ஜொஹரா பேரில் என்று ஊர் கேட்கச் சொன்னாள், பிஸ்மி சொன்னாள், இழுத்தாள். கத்தி போனது, வந்தது. ரோமம் விலகியது, சேர்ந்துகொண்டது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. வருத்தமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்லமுடியாத பெருமூச்சு. ஜொஹராவின் முகம் செத்துப்போயிற்று. ரெண்டு வருசமா நான்தானே போட்டேன், வேற யாரு போட்டா என்று தனக்குத்தானே கேட்டவள், கிடாயைப் பார்த்தாள். கிடாய் அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி, கழுத்தை நீட்டி, இலோனாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இலோனா, இதுக்கு என்ன குடுத்தே?”

இலோனாவுக்குக் காதுவரை சிவந்தது. “பொறுத்தருளுங்கள் லாத்தா. நாள்தோறும் நண்பகலில் தாங்கள் உறங்கும்போது வாழைப்பழத் தோல் அளித்தேன். பிறகு பழமே அளித்தேன். தை மாதத்திலிருந்து பிஸ்கட்டும் அளித்தேன்.”

யாரோ சிரித்தார்கள். ஜொஹரா சிரிக்கவில்லை. கத்தியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் தன் பக்கத்தில் மண்ணைத் தட்டிக் காட்டினாள். “வா. வந்து உக்காரு. என் கை மேல கையை வை.”

இலோனா நகரவில்லை. அவளுடைய ஊரிலும் குளிர்காலத்தில் ஒரு பிராணியை வளர்த்து அறுப்பார்கள், அது எந்தப் பிராணி என்பதை அவள் கோரைப்பட்டினத்தில் மூச்சுவிடவில்லை. ஒன்பது வயதில் அப்பா அதன் காலைப் பிடிக்கச் சொன்னபோது அவள் பனியில் ஓடிப்போய் வைக்கோல் போரில் ஒளிந்தவள். அன்றிலிருந்தே அவள் எதையும் தள்ளி நின்று பார்க்கிறவளாகத்தான் வளர்ந்தாள், பிழைப்பையும் அப்படியே தேர்ந்தெடுத்துக்கொண்டாள். “நான் பார்க்க வந்தவள் லாத்தா” என்றாள்.

“தின்னக் குடுத்துட்டுப் பாக்க வந்தேன்னு சொன்னா எப்படி?”

மரைக்காயர் குறுக்கே வந்து நின்றார். “இது விளையாட்டில்ல ஜொஹரா. அவ நம்ம ஆளில்ல. அவ கை பட்டா குர்பானி கூடாது. ஹஜரத், நீங்க சொல்லுங்க.”

எல்லோரும் ஹஜரத்தைப் பார்த்தார்கள். அவர் மேற்கே பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கத்தி கட்டிப்போற ஊருக்கு நான் படிச்ச மதரஸாவுல பாடம் நடத்தல. பொழுது விழ, மக்ரிபுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் இக்கிது. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்” என்றார்.

“கேட்டியா, ஹஜரத்தே கூடும்னு சொல்லல” என்றார் மரைக்காயர்.

ஜொஹரா எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. “காக்கா, இருபத்தாறு வருசம் உங்க தீர்ப்புக்குத்தான் குர்பானி குடுத்தோம். யாரு பேரு, எந்த வாசல், யாரு நிக்கலாம், யாரு நிக்கக்கூடாதுன்னு எல்லாம் நீங்க சொன்னீங்க, நாங்க தழையைப் போட்டுட்டு உள்ள போய்ட்டோம். இது நான் அல்லாஹ்வுக்குக் குடுக்கிறது. வாங்கிக்கிறதும் திருப்பிக் குடுக்கிறதும் அவன் இஷ்டம். உங்ககிட்ட நான் நீட்டவே இல்லையே, நீங்க ஏன் வேண்டாம்னு சொல்றீங்க?”

இலோனா நோட்டைக் கீழே வைத்தாள். யாரிடமும் கேட்காமல் மரைக்காயரைச் சுற்றிக்கொண்டு போய் ஜொஹராவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். கிடாய் அவள் விரலை முகர்ந்தது, விரலில் ஒன்றும் இல்லை. அவள் ஜொஹராவின் கைமேல் தன் கையை வைத்தாள். கண்ணை மூடாதே, மூடினா அது பயந்துக்கும் என்று ஜொஹரா காதோடு சொன்னாள், பிஸ்மி சொன்னாள். இருவர் கையும் ஒன்றாக இழுத்தன.

கத்தி ஏறியது. இலோனா நினைத்திருந்ததைவிட அது சுருக்கமாக இருந்தது, சூடாக இருந்தது. கிடாயின் உடம்பு அடங்கும்வரை அவள் கை அதன் விலாவிலேயே இருந்தது, கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது, துடைத்துக்கொள்ளக் கை இல்லை. துக்கமாக இருந்தது. ஆனால் அது வேறு யாருடைய துக்கத்தையோ எட்டிப்பார்ப்பதாக இல்லை, அவளுடையதாகவே இருந்தது. ஜொஹராவும் அழுதாள். அழுதுகொண்டே கத்தியைத் துடைத்து மோதினாரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

“இந்தக் கறி பள்ளிவாசல் பங்குல சேராது” என்றார் மரைக்காயர். “எந்த வீட்லயும் வாங்கக்கூடாது. நான் சொல்றேன்.”

வாங்குகிறோம் என்றும் யாரும் சொல்லவில்லை, வாங்கமாட்டோம் என்றும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில்தான் மரைக்காயரின் வீட்டுக் கதவு திறந்தது. அவர் மனைவி சபூரா வெள்ளைத் துப்பட்டியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் நாள் முதல் ஆளாய்த் தப்பித்த அந்தக் கறுப்பு ஆட்டைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். தலைவர் வீட்டுப் பெண் அறுத்தாள் என்று பெயர் வேண்டாம் என்பதால் அவர் அன்று காலையிலிருந்து அவளைத் திரைக்குள்கூட விடவில்லை, ஊரில் மிச்சமிருந்தது அந்த ஒரு ஆடுதான்.

“நீ எங்க வந்தே? உள்ள போ” என்றார் மரைக்காயர்.

“தழை ஒடிக்க வருசம் பூரா தெருவுக்கு வந்தேன், அப்ப ஒண்ணும் சொல்லலையே. நகருங்க, வெளிச்சம் போவுது.”

அவர் நகர்ந்தாரா, கூட்டம் நெருக்கியதில் நகர்த்தப்பட்டாரா என்பதில் கோரைப்பட்டினத்தில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. சபூரா ஆட்டைச் சாய்த்தாள். பெரிய ஆடு, அவளோ மெலிந்தவள், ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். மோதினார் உதவிக்குக் குனிந்தார். சபூரா அவரைக் கையமர்த்திவிட்டு, இரண்டடி தள்ளி ரத்தக் கையோடு நின்றிருந்த இலோனாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன புள்ள, பாத்துக்கிட்டே நிக்கிறே? பின்னங்காலைப் பிடி.”

இலோனா மண்டியிட்டுப் பிடித்தாள். ஆடு பலமாக உதைத்தது. அவள் விடவில்லை.